தலைமாட்டில் ஓர் அடை

எலியா தீர்க்கதரிசி என்றதும் கர்மேல் மலைதான் நமக்கு நினைவுக்கு வரும். பாகாலின் தீர்க்கதரிசிகள் 450 பேருக்கு எதிரே ஒற்றை ஆளாக நின்று வென்றவர் அவர். ஆனால் அந்த வெற்றியின் சூடு ஆறுமுன்பே உயிருக்குப் பயந்து ஓடினார். யேசபேல் ராணி ஆள்விட்டு மிரட்டினாள், அது போதுமாயிருந்தது.

யெஸ்ரயேலிலிருந்து தெற்கே பெயெர்செபா வரை, ஏறக்குறைய 150 கிலோமீட்டர் ஓட்டம். கூட வந்த வேலைக்காரனை அங்கேயே விட்டுவிட்டு, தனியாக வனாந்தரத்தில் ஒரு நாள் நடந்து, ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்தார். அதில் இலை என்று சொல்ல அதிகம் இராது, நிழலும் சொற்பம்தான். அங்கே, தன்னை எடுத்துக்கொள்ளும்படி ஆண்டவரிடம் கேட்டுவிட்டுத் தூங்கிப்போனார்.

ஒரு தூதன் தட்டி எழுப்பினான். தலைமாட்டில் தழலில் சுட்ட ரொட்டியும் தண்ணீரும் இருந்தன. அந்த ரொட்டியை நம் தமிழ் வேதாகமம் ‘அடை’ என்கிறது. அந்தச் சொல்லைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அடுப்படி மணமே வருகிறது. ஏன் ஓடினாய், உன் விசுவாசம் எங்கே என்று ஒரு கேள்வி இல்லை. சாப்பிட்டார், மறுபடியும் படுத்தார். தூதன் இரண்டாம் முறையும் வந்தான். இன்னும் வெகுதூரம் போகவேண்டுமே என்று சொல்லிச் சாப்பிட வைத்தான்.

என் தாயார் நோயில் கிடந்த மாதங்களில் என்னால் ஜெபிக்கவே முடியவில்லை. ஆண்டவர்மேல் கோபம். ஒரு விடியற்காலையில் பக்கத்து வீட்டு அக்கா தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்து வைத்தார்கள். “குடி, ஆறிடும்” என்றார்கள். வேறொன்றும் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் இந்த அதிகாரம் எனக்குப் புரிந்தது.

அந்தச் சாப்பாட்டின் பலத்தில் எலியா 40 நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போனார். காற்றும் பூமியதிர்ச்சியும் அக்கினியும் கடந்துபோக, பின்பு மெல்லிய சத்தத்தில் ஆண்டவர் பேசினார். இங்கே உனக்கு என்ன வேலை என்று முன்பு கேட்டதையே மறுபடி கேட்டார். எலியாவும், நான் ஒருவன்தான் மிச்சம் என்ற பழைய முறையீட்டையே வார்த்தை மாறாமல் சொன்னார். அத்தனையும் கண்ட பிறகும் மனம் ஆறவில்லை. அதற்காக ஆண்டவர் அவரைத் தள்ளிவிடவில்லை. போகவேண்டிய வழியைச் சொன்னார். பாகாலுக்கு முழங்கால் முடக்காத 7,000 பேர் இஸ்ரவேலில் உண்டு என்றும் சொன்னார்.

ஒரு துணையையும் காட்டினார். தன் வேலைக்காரனை வழியில் விட்டுவந்தவருக்கு எலிசா கிடைத்தான். பன்னிரண்டு ஏர் பூட்டி உழுதுகொண்டிருந்தவன்மேல் எலியா தன் சால்வையைப் போட்டார். அவன் ஏர்மாடுகளை அடித்து, கலப்பை மரத்தையே விறகாக்கிச் சமைத்து, ஊராருக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, அவர் பின்னே புறப்பட்டான்.