குட்டி ரயில் வரிசையில்



கோடை விடுமுறையில் புதுவையிலிருந்து மறைக்கல்விப் பிள்ளைகளை ஒரு கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துப் போனோம். குட்டி ரயிலுக்கு மாற்றுத்திறனாளிகளுக்கான தனி வழியில் ஒரு தாயும் மகனும் நின்றார்கள். “கை கால் நல்லாத்தானே இருக்கு?” என்றது ஒரு குரல். நானும் மனத்துக்குள் அதையேதான் கேட்டேன். அங்கி போட்டிருந்ததால் வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தத் தாய் அடையாள அட்டையை உயர்த்திக் காட்டி, “ஹீமோபீலியாங்க” என்றார். யாராவது இடித்தால் மூட்டுக்குள் இரத்தம் கசியும், எளிதில் உறையாது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லும் 21 குறைபாடுகளில் அதுவும் ஒன்று.

பார்வையற்றவரைக் கண்டதும், பாவம் செய்தது இவரா, பெற்றோரா என்றுதானே சீடர்களும் கேட்டார்கள் (யோவான் 9)? இருவருமில்லை என்றார் இயேசு.

“வீட்டுக்குப் போலாம்மா” என்றான் பையன். அருகில் போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இன்று கேட்கிறேன், அம்மா.