கவர்மெண்ட் வேலையா, தனியார் வேலையா?

 

பொன்விழா ஆண்டில் இளையர்களிடம் பேசச் சொல்லி, தலைப்பையும் செயற்குழுவே கொடுத்துவிட்டது. நாங்கள் பலதொழிற்கல்லூரியில் டிப்ளோமா முடித்து, சில ஆண்டு சம்பளத்துக்கு வேலை பார்த்து, பிறகு வியாபாரத்துக்கு வந்தவர்கள். வியாபாரியைக் கூப்பிட்டால் "கடை வையுங்கள்" என்றுதான் சொல்வான் என்று நினைப்பீர்கள். அதற்காக நாங்கள் வரவில்லை.

நம் வீடுகளில் "கவர்மெண்ட் வேலை" என்றால் தனி மரியாதை. மாப்பிள்ளை பார்க்கும்போது அந்தச் சொல் ஒன்றே போதும், மற்றதை யாரும் விசாரிப்பதில்லை. அந்த மரியாதையில் பாதி ஊரிலிருந்து கப்பலில் வந்தது. மீதி இங்கே பாட்டனார்கள் காலத்தில் உண்டானது. வெள்ளைக்காரன் காலத்தில் செம்பவாங் கடற்படைத் தளத்தில் தமிழர், மலையாளி என்று ஆயிரக்கணக்கானோர் வேலை பார்த்தார்கள். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கடையநல்லூர்க்காரர்கள் நிறைய. அதுதான் உறுதியான வேலை என்று இருந்தார்கள். 1968-ல் பிரிட்டிஷார் படைகளை மீட்டுக்கொள்வதாக அறிவித்தார்கள், 1971 முடிவதற்குள் பெரும்பாலும் போயே விட்டார்கள். அரசாங்கமே ஊரைக் காலி செய்துகொண்டு போன கதை அது.

அதற்குப் பிறகும் பாருங்கள். தொலைபேசித் துறை 1992-ல் நிறுவனமானது. மின்சாரம் 1995-ல். துறைமுக ஆணையம் 1997-ல். நேற்று வரை கவர்மெண்ட் ஆள், விடிந்தால் கம்பெனி ஆள். நாற்காலி அதேதான், மேசையும் அதேதான். ஆகவே இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் கோடு, பெரியவர்கள் நினைக்கிற அளவுக்குக் கெட்டியான கோடு இல்லை.

"பென்ஷன் உண்டே" என்பீர்கள். அது ஊரில் கேட்ட பேச்சு. 1980களின் பிற்பகுதிக்குப் பிறகு இங்கே அரசாங்கத்தில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஓய்வூதியம் கிடையாது. எல்லாரையும் போல மத்திய சேம நிதிதான். காவல்துறை, ராணுவம் போன்ற சீருடைப் பணிகளில் நீண்ட காலம் இருப்போருக்குத் தனிச் சேமிப்புத் திட்டங்கள் உண்டு, அது வேறு. போனசும் கல்லில் எழுதியதில்லை. 2020-ல் கொவிட் வந்தபோது அரசு ஊழியர்களுக்கு அரையாண்டு போனஸ் இல்லை. ஆனால் அந்த ஆண்டு வேலை நின்றது யாருக்கு என்று கேட்டால், ஓட்டல்காரர்களையும் பயணத்துறைக்காரர்களையும்தான் கேட்க வேண்டும். மாதச் சம்பளம் தவறாமல் வந்தது அரசாங்கத்தில்தான். இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

கணக்கு பார்ப்போம், வியாபாரிக்கு அதுதான் தெரியும். 2,800 வெள்ளி சம்பளத்தில் சேரும் தம்பிக்கு, 560 வெள்ளி மசேநிக்குப் பிடிப்பார்கள். கைக்கு 2,240. முதலாளி தன் பங்காக 476 போடுவார். ஆக மாதம் 1,036 வெள்ளி அவன் பெயரில் சேருகிறது. 35 வயது வரை அதில் 644 வெள்ளி சாதாரணக் கணக்குக்குப் போகும், வீட்டுக் கடன் தவணையை அதிலிருந்தே கட்டலாம். அரசு, தனியார் இரண்டிலும் இந்த விகிதம் ஒன்றுதான். இன்னொருவர் வந்து, "தம்பி, என்னிடம் வா, கையில் 2,500 ரொக்கம்" என்கிறார். 260 வெள்ளி கூடுதலாகத் தெரிகிறது. 1,036 காணாமல் போனது தெரிவதில்லை.

அத்தாமார்களிடம் ஒன்று சொல்லியாக வேண்டும், கோபிக்கக் கூடாது. பிள்ளை கடையில் நிற்கிறான். "எல்லாம் அவனுக்குத்தானே" என்று செலவுக்கு மட்டும் கொடுக்கிறீர்கள். நிக்காஹ் பேசி, பிடிஓ வீட்டுக்கு விண்ணப்பம் போடும்போது சம்பளச் சீட்டு கேட்கிறார்கள், மசேநிக் கணக்கு கேட்கிறார்கள். பத்து வருஷம் உழைத்தவனிடம் ஒரு தாள் இல்லை. சம்பளச் சீட்டு கொடுப்பது 2016 ஏப்ரலிலிருந்து சட்டம். சம்பளத்துக்கு வைத்திருக்கும் பிள்ளைக்கும் மசேநி உண்டு. அதைச் செய்யுங்கள், அப்புறம் அரசு வேலையையும் உங்கள் கடையையும் அவன் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

சொந்தமாகத் தொழில் செய்கிறவனுக்கு ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளிக்கு மேல் போனால் மெடிசேவ் மட்டும் கட்டாயம். மற்றதை அவனே போட்டுக்கொள்ள வேண்டும், போடுகிறவர்கள் குறைவு. வங்கிக்குப் போனால் வருமான வரி மதிப்பீட்டுத் தாளைக் கேட்பார்கள். வரியைக் குறைக்கிறோம் என்று வருமானத்தைக் குறைத்துக் காட்டியவருக்குக் கடனும் குறையும்.

தங்கைகளுக்கு ஒரு செய்தி. தாதிமை படிக்க ஆசைப்பட்டும், முக்காட்டை எடுக்க மனமில்லாமல் விலகிய பெண்கள் நம்மிடையே இருந்தார்கள். 2021 நவம்பர் முதல் பொதுச் சுகாதாரத் துறையில் தாதியர் சீருடையோடு தலைமறைப்பு அணியலாம். வீட்டில் இன்னும் பழைய காரணத்தைச் சொல்லித் தடுக்கிறார்கள் என்றால், இதை எடுத்துச் சொல்லுங்கள். ஜும்ஆ நேரத்தைப் பற்றித் தம்பிகளும் நேர்முகத் தேர்விலேயே பண்பாகக் கேட்டுவிடலாம். அரசு அலுவலகம் என்பதால் தானாகக் கிடைக்கும் என்றும், கம்பெனி என்பதால் கிடைக்காது என்றும் நினைக்க வேண்டாம். ஷிஃப்டும் மேலாளரும்தான் அதைத் தீர்மானிப்பது.

கடைசியாக வேலைக் கடிதம். அமைச்சுக் கட்டடத்தில் உட்கார்ந்து வேலை செய்வோர் எல்லாரும் அரசு ஊழியர்கள் அல்லர். குத்தகை நிறுவனம் அனுப்பிய ஆட்களும் அங்கே உண்டு. ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தத்தில் இருப்பவர்களும் உண்டு. வீட்டில் "கவர்மெண்ட் வேலை" என்று இனிப்பு கொடுத்து முடித்த பிறகு கடிதத்தைப் பிரித்தால், முதலாளி பெயர் வேறாக இருக்கும். எனவே கையெழுத்துக்கு முன் மூன்று இடம் பாருங்கள். முதலாளி யார், எத்தனை காலத்துக்கு, பிணை உண்டா. ஆசிரியர் பயிற்சியில் படிக்கும்போதே சம்பளம் தருகிறார்கள், நல்ல வாய்ப்பு. ஆனால் பிணைக்காலம் முடியும் முன் விலகினால் பணம் கட்ட வேண்டியிருக்கும். அது எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள்.

கடிதம் புரியவில்லை என்றால் சங்கத்துக்கு எடுத்து வாருங்கள். சனிக்கிழமை இஷாவுக்குப் பிறகு நாங்கள் நாலைந்து பேர் இங்கேதான் டீ குடித்துக்கொண்டிருப்போம், சேர்ந்து படித்துப் பார்க்கலாம். அத்தாவையும் கூட்டி வாருங்கள்.

வஸ்ஸலாம்.