வெளிமானும் வெளியும்
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



ஆழ்வார்திருநகரிக்கு வருகிறவர்கள் உறங்காப்புளியைச் சேவித்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அடுத்த தடவை ஸ்ரீவைகுண்டம் தாண்டி வல்லநாடு வரைக்கும் போய்ப் பாருங்கள். குன்றும் முட்புதரும் சேர்ந்த சின்னக் காடு, 1987-இல் சரணாலயமானது, பரப்பு 16.41 சதுர கிலோமீட்டர். இயற்கையாக வாழும் வெளிமான் கூட்டத்துக்கு இந்தியாவின் தென்கோடி அதுதான். நடைபாதையோ சரியான விளையாட்டுக்காரப் பாதை. உடைமரத்தைச் சுற்றி, பாறையைச் சுற்றி, புறப்பட்ட இடத்திலேயே கொண்டுவந்து விடும்!

முதல் தடவை போனபோது, "என்ன அண்ணாச்சி, வெறும் பொட்டலா கிடக்கே, நாலு மரம் நடக்கூடாதா?" என்று வனக்காவலரிடம் கேட்டேன். அவர் சிரித்தார்: "பேரிலேயே வெளி இருக்கு பாருங்க சார். ஆபத்தைத் தூரத்திலேயே பார்த்து ஓடிப் பிழைக்கிற மான் இது. சீமைக்கருவேல் வந்து அடைச்சிட்டா எங்கே ஓடும்?"

மாணவனாக நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் கன்று நட்டுக் கைதட்டல் வாங்கியவன் நான். தரிசு என்று நாம் ஒதுக்குகிற நிலமும் ஓர் உயிருக்கு வீடு என்பது அன்றுதான் உறைத்தது. தம்பி தங்கைகளே, மரம் நடுங்கள். நடுவதற்கு முன்னால், இது யாருடைய இடம் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.