ஓடுபாதை முடியும் இடம்



கடல் கடந்து போகும் படைகளுக்குச் சோறும் குண்டும் எப்படிப் போய்ச் சேர்ந்தன என்பதே இந்தக் கருத்தரங்கின் பொருள். குறிப்பாக, வான்வழியே எப்படிப் போயின என்பது. இதைப் பேசுவதற்கு ஐம்பூதத் தலங்களில் வாயுவுக்குரிய காளத்தியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அமைப்பாளர்களின் நகைச்சுவை உணர்வை முதலில் பாராட்டிவிடுகிறேன். காற்று நுழைய வழியில்லாத கருவறையில் விளக்குச் சுடர் அசைவதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். இனிமேல் பார்க்கப்போவது கணக்குப் புத்தகங்களை.

நான் படைவீரன் அல்லன். பழைய பேரேடுகளைப் புரட்டிப் பிழைத்த வரலாற்று ஆசிரியன். அந்த உரிமையில் ஒன்று சொல்கிறேன். தளவாட வழங்கல் குறித்து நம் பக்கத்தில் இருக்கும் மிகக் கூர்மையான சித்திரம் எந்தப் பட்டாளத்துக் கையேட்டிலும் இல்லை. இந்த மலையில்தான் இருக்கிறது. சேக்கிழார் காட்டும் திண்ணனை நினைத்துப் பாருங்கள். ஒரு கையில் வில், மறு கையில் இலைக்கல்லையில் இறைச்சி, தலைமயிரில் பூ, வாயில் பொன்முகலி ஆற்று நீர். வில்லைக் கீழே வைக்க முடியாது, காட்டில் விலங்கு உண்டு. ஆகவே நீருக்கு வாய்தான் குடம். ஆயுதத்தைப் பிடித்த கையால் உணவைச் சுமக்க முடியாது என்ற சிக்கலைத் தீர்க்கத்தான் உலகத்துப் படைகள் எல்லாம் மாட்டையும் கழுதையையும் கப்பலையும் கடைசியில் விமானத்தையும் பிடித்தன. சிக்கல் இன்னும் தீரவில்லை.

நம் மாநாடுகளில் கடல் கடந்த படையெடுப்பு என்றாலே ராஜேந்திர சோழன் வந்துவிடுவார். இன்று அவருக்கு ஓய்வு கொடுப்போம். இந்த ஊருக்கு அதைவிடக் கிட்டத்தில் ஒரு தொடர்பு இருக்கிறது. 1639-ல் சென்னைக் கடற்கரை மணல்வெளியைக் கும்பினியாருக்குக் கொடுத்த தாமர்லா நாயக்கர் குடும்பம் காளத்திச் சீமையைச் சேர்ந்தது. அந்த மணலில் எழுந்த கோட்டையிலிருந்து 1762-ல் மணிலாவுக்குப் படை போயிற்று. 1795-ல் திருகோணமலையைப் பிடிக்கப் போயிற்று. 1818-ல் ஊவாவில் கண்டிச் சிங்களவர் கிளர்ந்தபோது துணைப்படையும் சென்னை மாகாணத்திலிருந்துதான் போயிற்று. ஆக, நம் கரையிலிருந்து இலங்கைக்குப் பட்டாளம் போவது 1987-ல் தொடங்கிய கதை அல்ல. 1987-ல் புதிதாக வந்தது விமானம்தான்.

அந்த ஆண்டைப் பற்றித்தான் இன்று விரிவாகப் பேச நினைக்கிறேன்.

ஜூன் 3. ராமேசுவரத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நிவாரணப் பொருளோடு புறப்பட்ட படகுகளை இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பி அனுப்பியது. மறுநாள் ஐந்து ஏஎன்-32 சரக்கு விமானங்கள், மிராஜ் போர் விமானங்கள் துணைக்கு வர, யாழ்ப்பாணத்தின் மேல் பறந்து சுமார் 25 டன் பொருளைப் பாரசூட்டில் இறக்கின. 'பூமாலை' என்று பெயர். அழகான பெயர்தான். கொஞ்சம் வகுத்துப் பார்ப்போம். அன்றைய யாழ்ப்பாணத்து மக்கள் தொகை ஏழெட்டு லட்சம். 25 டன்னை எட்டு லட்சத்தால் வகுத்தால் தலைக்கு முப்பது கிராம் வரும். ஒரு பிடி அரிசிகூட இல்லை. அன்று போட்டது உணவு அல்ல, கொழும்புக்கு எழுதிய கடிதம். கடிதமாக அது வேலை செய்தது. ஜூலை 29-ல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்.

ஆனால் விமானத்தால் எதுவும் முடியும் என்ற நம்பிக்கையை அந்த வெற்றி தில்லியில் விதைத்துவிட்டது என்பது என் எண்ணம். கையெழுத்தான மறுநாளே, ஜூலை 30-ல், செகந்திராபாத்தில் இருந்த 54-ஆம் காலாட்படை டிவிஷனின் முதல் அணிகள் பலாலியில் இறங்கின. வேகத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அவசரமாகப் புறப்படுகிறவர் பெட்டியில் எதை வைப்பார்? அமைதி காக்கப் போகிறோம் என்று நம்பியவர்கள் அதற்கேற்ற சுமையோடு போனார்கள். பட்டாலியன்களில் முழு எண்ணிக்கை இல்லை, கனரக ஆயுதம் குறைவு, கையில் இருந்தவை பழைய வரைபடங்கள். இவையெல்லாம் பின்னாளில் அந்தப் படையின் தளபதிகளே எழுதிய நூல்களில் திரும்பத் திரும்ப வரும் முறைப்பாடுகள். லெப்டினென்ட் ஜெனரல் தீபிந்தர் சிங், மேஜர் ஜெனரல் ஹர்கிரத் சிங், மேஜர் ஜெனரல் சர்தேஷ்பாண்டே மூவரும் எழுதியிருக்கிறார்கள். ஒருவரோடு ஒருவர் பல இடங்களில் ஒத்துப்போவதில்லை. இந்த முறைப்பாட்டில் மட்டும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

பிறகு அக்டோபர். புலிகளின் தளபதிகள் குமரப்பாவும் புலேந்திரனும் சயனைடு தின்று இறந்தது 5-ஆம் தேதி. ஐந்து நாளில் இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் இடையே போர் தொடங்கிவிட்டது. 11-ஆம் தேதி இரவு நடந்ததை இந்த அவையில் இருக்கும் பல்கலைக்கழக மாணவர்கள் கவனமாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் ஹெலிகாப்டர் இறங்க வேண்டிய இடம் ஒரு பல்கலைக்கழக மைதானம்.

புலிகளின் தலைமை கொக்குவிலில் இருக்கிறது, அருகே திருநெல்வேலியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மைதானம் இருக்கிறது, அங்கே பாரா கமாண்டோக்களையும் 13-ஆம் சீக்கிய இலகு காலாட்படையினரையும் ஹெலிகாப்டரில் இறக்கிச் சுற்றி வளைப்பது என்பது திட்டம். பலாலியிலிருந்து மைதானம் வானில் சில நிமிடத் தூரம். ஆனால் மி-8 ஹெலிகாப்டர்கள் சிலவே கையில் இருந்தன. எல்லோரையும் ஒரே நடையில் ஏற்ற முடியாது. திரும்பி வந்து, ஏற்றி, மறுபடி போக வேண்டும். இதைத்தான் நான் ஆய்வாளர்களிடம் எப்போதும் சொல்வேன்: நடைநடையாக இறக்குவது என்றால் எதிரிக்குத் தவணை முறையில் படையைக் கொடுப்பது. முதல் நடை எதிர்பாராதது. இரண்டாம் நடைக்குக் காத்திருப்பார்கள். அன்றோ முதல் நடைக்கே காத்திருந்தார்கள், வானொலிப் பேச்சைப் புலிகள் ஒட்டுக் கேட்டிருந்தார்கள். ஹெலிகாப்டர்கள் சூடு வாங்கின. கமாண்டோக்கள் நூற்றுச் சொச்சம் பேர் இறங்கினார்கள். சீக்கியப் படைப்பிரிவில் முப்பது பேர் இறங்கியதோடு நடை நின்றுபோயிற்று. அவர்களுக்குப் பின்னால் வரவேண்டிய தோழர்களும் குண்டும் பலாலியிலேயே நின்றன. முப்பது பேரில் இருபத்தொன்பது பேர் இறந்தார்கள், ஒருவர் பிடிபட்டார். கமாண்டோக்களை மீட்கப் போன டாங்கிகள் ரயில் பாதை வழியே போக வேண்டியிருந்தது.

அதே நாட்களில் கொக்குவில் பிரம்படியில் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். அக்டோபர் 21, தீபாவளி நாளில், யாழ்ப்பாண மருத்துவமனையில் மருத்துவர்களும் தாதியரும் நோயாளிகளும் இந்தியப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வழங்கல் பற்றிய உரையில் இது எதற்கு என்று யாராவது நினைத்தால், இதுதான் வழங்கலின் நடுப்புள்ளி என்பேன். ஆகஸ்டில் மாலை போட்டு வரவேற்ற அதே ஊர்களில் அக்டோபருக்குப் பிறகு படைக்கு ஒரு வண்டி விறகு, ஒரு கூடை கத்தரிக்காய், நம்பகமான ஒரு வழிகாட்டி கிடைப்பது எப்படி? உள்ளூரில் கிடைக்காத ஒவ்வொன்றையும் கடல் தாண்டித்தான் கொண்டுவர வேண்டும். சாலையில் அனுப்பினால் கண்ணிவெடி. பனையோலை வேலி அடைத்த ஒழுங்கைகளுக்குள் லாரி நுழைந்தால் திரும்ப இடமில்லை. அந்த ஒழுங்கைகளில் சைக்கிளில் போகிறவனுக்கு எந்த ஓடுபாதையும் தேவைப்படவில்லை. 1954-ல் தியன் பியன் பூவில் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு பள்ளத்தாக்கின் ஓடுபாதையை நம்பி உட்கார்ந்திருந்தபோது வியத்மின் ஆட்கள் அரிசி மூட்டையைச் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தார்கள் என்பது உலகம் அறிந்த கதை. யாழ்ப்பாணத்தாருக்குச் சைக்கிளின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போது ஓர் எண்ணுக்கு வருகிறேன். 32 மாதத்தில் இந்திய விமானப்படையின் சரக்கு விமானங்களும் ஹெலிகாப்டர்களும் இலங்கைக்கும் இலங்கைக்குள்ளும் சுமார் 70,000 முறை பறந்தன என்று விமானப்படை வரலாறுகள் பெருமையோடு எழுதுகின்றன. அதில் ஏஎன்-32 விமானங்களின் பங்கு ஏறத்தாழ 3,000. விமானிகளின் திறமையைக் குறைத்துப் பேச எனக்குத் தகுதியில்லை. ஆனால் பேரேட்டுக்காரனாக வகுத்துப் பார்க்கிறேன். 1987 ஜூலை கடைசியிலிருந்து 1990 மார்ச் 24 வரை 970 நாள் என்று வையுங்கள். ஏஎன்-32 நாளொன்றுக்கு மூன்று நடை. ஒரு நடைக்கு ஆறேழு டன். ஒரு நாளைக்கு இருபது டன் என்றால் தாராளம். உச்சத்தில் அங்கே இருந்தவர்கள் எழுபதாயிரத்துக்கும் மேல். உணவு, எரிபொருள், வெடிபொருள் எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஐந்து கிலோ என்று மிகக் கஞ்சத்தனமாக வைத்தாலும் 350 டன் வேண்டும். அதை விமானத்தில் கொண்டுபோக நாளுக்கு ஐம்பதுக்கு மேல் நடை ஆகும். போகவில்லை. அப்படியென்றால் யார் சுமந்தது? கப்பல்தான். சென்னைத் துறைமுகத்தில் மூட்டை ஏற்றிய கைகள்தான். காங்கேசன்துறையிலும் திருகோணமலையிலும் இறக்கிய கைகள்தான். விமானத்துக்குப் புகழ், கப்பலுக்குச் சுமை!

சரி, அந்த எழுபதாயிரம் பறத்தல்களில் மீதி எங்கே? மிகப் பெரும்பகுதி தீவுக்குள் ஹெலிகாப்டர்கள் தாவித் தாவிப் பறந்தவை. ஒரு முகாமிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் இருக்கும் அடுத்த முகாமுக்கு ரேஷன், தபால், காயம்பட்டவர், விடுப்பில் போகிறவர். சாலை நன்றாக இருந்தால் ஒரு ஜீப் செய்கிற வேலை. மற்றவர்கள் அந்த எண்ணைச் சாதனைக் கணக்காகப் படிக்கிறார்கள். எனக்கு அது இழந்த சாலைகளின் கணக்கு. நாளொன்றுக்கு எழுபது முறை தரையை நம்ப முடியாமல் மேலே எழும்பியிருக்கிறார்கள்.

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே கடலின் குறுகிய இடத்தில் அகலம் முப்பது கிலோமீட்டர் அளவுதான். இவ்வளவு கிட்டத்தில் ஒரு 'கடல் கடந்த போர்' பல நாடுகளுக்கு வாய்த்திருக்காது. ராமேசுவரம்–தலைமன்னார் கப்பல் 1984-லேயே நின்றுவிட்டது. கடலோ ஆழம் குறைந்தது, பெரிய கப்பல் குறுக்கே போகாது. கிட்டத்தில் இருந்தும் எட்டாத இடம்.

இதற்கு மாறான எடுத்துக்காட்டாக மாலைத்தீவை எல்லோரும் சொல்வார்கள், நானும் சுருக்கமாகச் சொல்கிறேன். 1988 நவம்பர் 3. ஈழத் தமிழ் இயக்கங்களில் ஒன்றான புளொட்டின் ஆட்களைக் கூலிக்கு அமர்த்தி அப்துல்லா லுத்துஃபி ஆட்சியைப் பிடிக்கப் பார்த்தார். அதிகாலையில் உதவி கேட்டார் அந்நாட்டு அதிபர் கய்யூம். அன்றிரவே ஆக்ராவிலிருந்து ஐஎல்-76 விமானங்களில் பாராசூட் பிரிகேட் ஹுல்ஹுலேயில் இறங்கியது, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நிற்காமல் பறந்து. அபாரமான வேலை. ஆனால் கவனியுங்கள்: ஓடுபாதை எதிரி கையில் இல்லை, தலைநகர் மாலேயோ வேறு தீவு. அங்கே போகப் படகு பிடிக்க வேண்டியிருந்தது. விமானம் முடிந்த இடத்தில் படகுதான். வேலையும் சில நாளில் முடிந்தது, இரண்டாம் மாத அரிசியைப் பற்றி யாரும் யோசிக்க நேரவில்லை. இந்த இரண்டு படைப்போக்குவரத்தையும் ஒரே அத்தியாயத்தில் போட்டு 'வெற்றி', 'தோல்வி' என்று எழுதுகிற பாடநூல்கள் மீது எனக்குக் கோபம் உண்டு.

இன்னொன்று, அதிர்ஷ்டம். இந்தியப் படை இருந்த காலத்தில் தோளில் வைத்துச் சுடும் ஏவுகணை புலிகள் கைக்கு வரவில்லை. 1995 ஏப்ரல் 28, 29 ஆகிய இரண்டே நாளில் இலங்கை விமானப்படையின் இரண்டு ஆவ்ரோ விமானங்கள் அத்தகைய ஏவுகணை பட்டுப் பலாலிப் பக்கம் விழுந்தன, இரண்டிலும் சேர்த்து நூறு பேரளவில் இறந்தார்கள். அதே ஓடுபாதை, அதே வானம். 1988-ல் அந்த ஏவுகணை இருந்திருந்தால் மேலே சொன்ன எழுபதாயிரம் பறத்தல்கள் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 2000-ல் ஆனையிறவு விழுந்து யாழ்ப்பாணத்தில் படை முற்றுகைப்பட்டபோது கொழும்பு மறுபடி இந்தியாவின் பக்கம் திரும்பியது. தில்லி படை அனுப்ப மறுத்துவிட்டது. ஒருமுறை கணக்குப் பார்த்தவர்கள்.

கடைசி அணி 1990 மார்ச் 24-ல் திருகோணமலையில் கப்பலேறியது. சென்னையில் வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. அந்த 32 மாதத்தில் இறந்த இந்திய வீரர்கள் ஏறத்தாழ 1,200. அக்காலத்தில் உடலை ஊருக்கு அனுப்பும் வழக்கம் இல்லை, அது கார்கில் போரின்போது வந்தது. ஆகவே திரும்பிய விமானங்களின் சுமைப் பட்டியலில் அவர்கள் பெரும்பாலும் இல்லை. கொல்லப்பட்ட தமிழ் மக்களோ எந்தப் பட்டியலிலும் இல்லை.

தளபதிகள் எழுதிவிட்டார்கள், அன்று கொழும்பில் இந்தியத் தூதராக இருந்த தீட்சித் எழுதிவிட்டார். எழுதாதவர்களிடம் போங்கள் என்று கேட்கவே இந்தத் தலைமை இடத்தைப் பயன்படுத்திக்கொள்கிறேன். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், தாம்பரத்திலும் பலாலியிலும் விமானத்தில் சரக்கு அடுக்கியவர்கள், பட்டாளத்துக்கு மொழிபெயர்த்த தமிழ்ச் சிப்பாய்கள், முகாம் வாசலில் ரேஷன் மாவுக்கு வரிசையில் நின்ற யாழ்ப்பாணத்து அம்மாமார். வயதாகிக்கொண்டு போகிறது அவர்களுக்கு. இங்கே சித்தூர், திருப்பதிப் பக்கத்து முன்னாள் படைவீரர்கள் சிலர் வந்திருப்பதாகச் சொன்னார்கள். ஐயா, உங்களிடம் ஒரு வேண்டுகோள். 1987 ஜூலை 30-ல் பலாலிக்குப் போன முதல் விமானத்தில் என்ன ஏற்றினார்கள் என்று நானும் பல ஆண்டாகத் தேடுகிறேன். எத்தனை மூட்டை ஆட்டா, எத்தனை பெட்டி தோட்டா, எத்தனை ஜெரிகேன் தண்ணீர். அந்தச் சுமைத்தாளோ அதன் நகலோ உங்கள் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தால், தேநீர் இடைவேளையில் என்னைக் கூப்பிடுங்கள்.