ஒகேனக்கல் நீர்

நான் தருமபுரி மாவட்டத்தில் பிறந்தவன் என்பதற்கு என் பற்களே சான்று. அவற்றில் படிந்திருக்கும் பழுப்புக் கறையை மறைக்க இளமையிலேயே வாயைப் பொத்திச் சிரிக்கப் பழகிவிட்டேன். வெற்றிலையால் வந்த கறையன்று. எங்கள் ஊர்க் கிணறு தந்தது. இப்பகுதிப் பாறைகளிலுள்ள புளூரைடு நிலத்தடி நீரில் கரைந்துவிடுகிறது. ஒரு லிட்டர் நீரில் அது ஒன்றரை மில்லிகிராமுக்கு மேற்பட்டால் வளரும் பிள்ளைகளின் பல் கெடும். மிகுதியாக நெடுநாள் உட்கொண்டால் எலும்பும் மூட்டும் இறுகும். என் பாட்டனார் கழுத்தைத் திருப்ப மாட்டாமல் உடலோடு திரும்பிப் பார்த்ததை முதுமையின் விளைவு என்றே அன்று எண்ணினோம்.

இத்தகைய மாவட்டத்தின் எல்லையிலேதான் காவிரி பாய்கிறது! தருமபுரி நகரிலிருந்து ஏறத்தாழ 46 கிலோமீட்டர். பென்னாகரத்தைக் கடந்து மலைப்பாதையில் இறங்கும்போதே காற்றில் ஈரம் தட்டும். அருவியின் இரைச்சல் பின்னர்தான் கேட்கும். கன்னடத்தில் ‘ஹொகே’ என்றால் புகை. நீர்த்திவலை புகைபோல் எழும் கல், ஒகேனக்கல் ஆயிற்று.

கரையில் எண்ணெய் தேய்த்துவிடுவோரும் மீன் பொரிப்போரும் நம்மை எளிதில் விடுவதில்லை. அவர்களைக் கடந்து பரிசலில் ஏறினேன். மூங்கிற் பிளாச்சுகளால் பின்னிய வட்டக் கூடைதான் அது. முற்காலத்தில் தோல் போர்த்தினர், இப்போது பிளாஸ்டிக் தாள். பாறைச் சுவர்களுக்கிடையே செல்கையில் பரிசல்காரர் துடுப்பை நிறுத்தி, “அதோ பாருங்க ஐயா, நீர்நாய்!” என்றார். நான்கைந்து வழவழப்பான தலைகள் நீரின் மேல் தோன்றி மறைந்தன. “வலையைக் கிழிச்சு மீனைத் தின்னுட்டுப் போயிடும். தைச்சுத் தைச்சுக் கை ஓயுது” என்று குறைப்பட்டுக்கொண்டே சிரித்தார். அவர் பற்கள் முத்துப்போல் வெண்மையாக இருந்தன! வயது அறுபதுக்குக் குறையாது. பிறந்தது முதல் ஆற்று நீரையே பருகியவராம். ஒரே மாவட்டத்தார் இருவர், எதிரெதிரே அமர்ந்திருந்தோம். நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

இவ்வாற்றில் முதலைகளும் உண்டு. காவிரிக்கே உரிய மகசீர் என்னும் பெருமீன், அழிவின் விளிம்பில் நிற்கிறது. கோடையில் யானைகள் நீருக்கு இறங்கும் காடு இது. 2014-இல் காவிரி வடக்கு வனவுயிர்ச் சரணாலயமும், 2022-இல் காவிரி தெற்குச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டன.

பரிசல்காரருக்கு நீரே சோறு, நீரே பகையும். பிலிகுண்டுலுவில் அளக்கும் நீர்வரத்து உயர்ந்தால் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை வந்துவிடும். “கர்நாடகத்துல மழைன்னா எங்க வீட்டுல அடுப்பு எரியாது” என்றார்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. ஆற்று நீர் சுத்திகரிக்கப்பட்டு, மேட்டுநிலம் ஏறித் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஊர்களுக்கு வருகிறது. குழாய் வறளும் நாட்களில் ஆழ்குழாய்க் கிணற்றுக்கே குடத்தோடு திரும்பும் தெருக்கள் இன்றும் இருக்கின்றன; அதை மறைப்பது முறையன்று. ஆயினும் திட்டத்திற்குப் பின் பிறந்த என் தம்பி மகளுக்கு முன்பற்கள் முளைத்தபோது, அவளை வெளிச்சத்தில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். கறை இல்லை. “பெரியப்பா, எதுக்கு இப்படிப் பார்க்கிறீங்க?” என்று கேட்டுவிட்டு, வாயைப் பொத்தாமல் சிரித்தாள்.