மகளின் புது வீட்டுக்கு ஒரு ரீவி

கல்முனைக்குடியில் மகளுக்கு வீடு கட்டிக் குடியமர்த்துவது உம்மா வாப்பாவின் பல வருட உழைப்பு. அந்த வீட்டுச் சுவருக்குப் பெரிய ரீவி ஒன்று வேண்டுமென்று பிள்ளைகள் ஆசைப்படுவது நியாயம்தான்.

பழைய பிளாஸ்மா ரீவி மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். படம் அழகுதான், கறுப்பு நிறம் ஆழமாகத் தெரியும். ஆனால் வாயுவுக்குள் மின்சாரம் பாய்ந்து ஒவ்வொரு புள்ளியும் ஒளிர்வதால் கரண்ட் கூடுதலாகச் செலவாகும், சூடும் அதிகம். செய்திச் சேனலின் இலச்சினை நாள்முழுக்க ஒரே மூலையில் நின்றால் அதன் நிழல் திரையில் பதிந்துவிடும். பனசொனிக் 2013இலும், சாம்சுங், எல்ஜி 2014இலும் பிளாஸ்மாவைக் கைவிடுவதாக அறிவித்துவிட்டன. இனி உதிரிப்பாகத்துக்கு எங்கே போவது?

அளவைக் கடையில் வைத்துத் தீர்மானிக்க வேண்டாம். அந்தப் பெரிய மண்டபத்தில் 65 அங்குலமும் சின்னதாகத் தெரியும். கதிரையிலிருந்து சுவர்வரை வீட்டிலேயே அளந்துகொண்டு போங்கள். ஏழு அடி என்றால் 55 அங்குலம் போதும். கடலோர வீட்டில் உப்புக்காற்று ரீவிக்குள்ளே துருவேற்றும். கடல் பார்த்த யன்னலை விட்டுத் தள்ளி உட்சுவரில் மாட்டுங்கள். உத்தரவாதச் சீட்டில் திகதியும் கடை முத்திரையும் இருக்கின்றனவா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.