ஹஜ்ஜுக்கு முன் கடன்

 

ஹஜ்ஜுக்கு நிய்யத் வைத்த ஒருவர் அண்மையில் என்னிடம், "ஹஜ்ரத், கிரெடிட் கார்டில் 50,000 ரூபாய் பாக்கி. மாதந்தோறும் தவறாமல் கட்டுகிறேன், புறப்படலாமா?" என வினவினார். ரசீதை வாங்கிக் கணக்குப் பார்த்தோம். அவர் கட்டியது குறைந்தபட்சத் தொகையான 5 விழுக்காடு, 2,500 ரூபாய். மாத வட்டி 3.5 விழுக்காடு, 1,750. அதன் மீது ஜி.எஸ்.டி. 315. அம்மாதம் அசலில் கழிந்தது 435 ரூபாய் மட்டுமே!

போடியில் நாம் விலை ஏறும்போது செலவைப் பழகிக்கொள்கிறோம். 2019இல் நம் மலையின் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. 2022இல் ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. கார்டு வட்டி எந்த ஏலத்திலும் இறங்குவதில்லை.

கடன்பட்டு இறந்தவரின் ஜனாஸாவை நபி (ஸல்) அவர்கள் தொழவைக்க முன்வரவில்லை. அபூகதாதா (ரலி) அவர்கள் கடனைப் பொறுப்பேற்ற பின்னரே தொழவைத்தார்கள். மண்டிக்காரரிடம் பட்ட கடனாயின் தவணையும் சம்மதமும் கேட்டு, சாட்சியுடன் எழுதி வைத்துப் புறப்படலாம். வட்டிக் கடன் அவ்வாறன்று. நாம் அரஃபாவில் நிற்கும்போதும் அது ஏறிக்கொண்டே இருக்கும்.

முழுப் பாக்கியையும் அடைத்துக் கணக்கை முடித்து, பாக்கியில்லை என்னும் சான்று பெற்று வருமாறு கூறினேன். வழியனுப்பு விருந்துக்கு ஒதுக்கிய பணமே பெரும்பகுதிக்குப் போதுமானதாயிருந்தது.